நொச்சி ஒத்தடத்துக்குப் பின் வரும் அரை மணி நேரம்

என் அம்மா 34 ஆண்டுகள் தையல் எந்திரத்தின் முன் குனிந்து உட்கார்ந்தவர். திண்டுக்கல்லுக்கு அருகே ஒரு சிற்றூரில், வீட்டின் முன்னறையிலேயே மிதி எந்திரம் போட்டு, ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாட்களிலும் நள்ளிரவு தாண்டியும் எந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஊசி இறங்கும் இடத்தைப் பார்த்தபடி தாழ்ந்திருக்கும் அவருடைய கழுத்துதான் என் சிறுவயது நினைவுகளில் முதலில் வந்து நிற்கிறது. அவருடைய 58ஆம் வயதில் அந்தக் கழுத்து திரும்ப மறுத்தது. காலையில் எழுந்தால் பிடரி கல்லாக இறுகியிருக்கும். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டே இடுப்பும் சேர்ந்துகொண்டது.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். ஆனால் கடந்த ஆறு ஆண்டுகளாக அம்மாவுடன் இருந்து, ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி, கீரை ஆய்ந்து, மருத்துவமனை வரிசைகளில் காத்திருந்து, சில தவறுகளும் செய்து கற்றுக்கொண்டவை இருக்கின்றன. கழுத்து வலிக்கும் முதுகு வலிக்கும் வீட்டு வைத்தியம் தேடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால், அவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்க நினைத்தேன்.

முதலில் நோயைப் பற்றி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர் 'செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்' என்றார். நம் வழக்கில் கழுத்தெலும்புத் தேய்மானம். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள், அவற்றின் இடையே மெத்தைபோல வட்டுகள், பின்புறத்தில் எலும்போடு எலும்பு சேரும் சிறு மூட்டுகள். வயதாக ஆக வட்டுகளில் நீர் வற்றுகிறது, அவற்றின் உயரம் குறைகிறது, சுமை பின்பக்க மூட்டுகளின்மேல் விழுகிறது, விளிம்புகளில் எலும்பு சிறு முட்களாக வளர்கிறது. நம் தலை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அது தூணின்மேல் வைத்த குடம். முன்னால் சாயும்போது கைநீட்டித் தாங்கிப் பிடித்த குடம். அம்மாவின் பிடரித் தசைகள் நாளுக்குப் பத்து மணி நேரம் அந்தக் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் பேசவில்லை. எலும்பு தேய்ந்துவிட்டது என்ற சொல் அவரை அப்படி உலுக்கியது. அந்தச் சமயத்தில் எனக்குக் கைகொடுத்தவை இரண்டு ஆய்வுகள். எந்த வலியும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை ஜப்பானில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. முதுகைப் பற்றி வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் வட்டுத் தேய்மானம் இருப்பதாகச் சொன்னது. அதாவது படத்தில் தெரியும் தேய்மானமும் உடம்பில் தெரியும் வலியும் ஒன்றல்ல. தேய்ந்த எலும்பை எந்தப் பச்சிலையும் வளர்த்துவிடாது. ஆனால் வலியில் பெரும்பங்கு, மூட்டைச் சுற்றி இறுகிப்போன தசையிலும் அசையாமல் விறைத்துப்போன மூட்டுகளிலும் இருக்கிறது. அங்கேதான் வீட்டு வைத்தியத்துக்கு வேலை.

சித்த மருத்துவம் வாத நோய்களை எண்பதாக வகுக்கிறது. அவற்றுள் சகனவாதம் என்பதைத்தான் இன்றைய சித்த மருத்துவர்கள் இந்தக் கழுத்துத் தேய்மானத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். ஒத்தடம், மருந்தை அரைத்துப் பூசும் பற்று, எண்ணெய் தடவிப் பிடித்துவிடும் தொக்கணம், குறிப்பிட்ட புள்ளிகளை இயக்கும் வர்மம் என்று அதற்கு வெளிமருத்துவம் விரிவாகவே இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலும் முறையாகப் படித்த மருத்துவர்கள் இவற்றைச் செய்கிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு வாங்குவதைவிட அங்கே போய் உட்கார்வது மேல் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எங்கள் வீட்டில் நிலைத்து நின்ற வைத்தியம் நொச்சி ஒத்தடம். கொல்லைப்புற வேலியிலேயே நொச்சி இருக்கிறது. ஐந்து விரல்போல விரிந்த இலை, அடிப்புறம் வெளிறியிருக்கும், கசக்கினால் மூக்கில் ஏறும் நெடி. இரண்டு கைப்பிடி நொச்சியோடு, கிடைக்கும் நாளில் புளிய இலையும் தழுதாழை இலையும் ஒவ்வொரு பிடி சேர்ப்போம். இலைகளைக் கழுவி ஈரம் போக உலர்த்தி அரிந்துகொள்வேன். இரும்பு வாணலியில் இரண்டு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றி, நான்கு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, அது சிவந்ததும் இலையைக் கொட்டி, ஒரு பிடி கல்லுப்பும் அரை மூடித் தேங்காய்த் துருவலும் சேர்த்து, இலை சுருண்டு தேங்காய் மணம் வரும்வரை வதக்க வேண்டும். பழைய நூல் வேட்டியில் அதைக் கொட்டி, ஆரஞ்சுப் பழம் அளவுக்கு இரண்டு மூட்டைகளாக இறுகக் கட்டிக்கொண்டால் ஒன்று முதுகில் இருக்கும்போது மற்றொன்று தோசைக்கல்லில் சூடேறும்.

மூட்டையை முதலில் என் புறங்கையில் வைத்துப் பார்ப்பேன். அங்கே மூன்று எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் அம்மாவின் முதுகிலும் வைக்கக் கூடாது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தின்மேல் கைகளை மடக்கி, நெற்றியைக் கைமேல் சாய்த்துக்கொள்வார். முதலில் தோள்பட்டையின் மேடு, அங்கிருந்து பிடரி, பிறகு மண்டையோடு தொடங்கும் குழி என்று மெல்ல ஒற்றி ஒற்றிப் போக வேண்டும். முள்ளெலும்பின்மேல் அழுத்தக் கூடாது, அதன் இரு பக்கத் தசைகளின்மேல்தான் வைக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் தோள் இரண்டும் காதை விட்டு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். "அந்த எடத்துலதாம்மா, அங்கயே வை" என்பார். என்னை அம்மா என்று அவர் அழைப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். பதினைந்து நிமிடம் போதும். முடிந்ததும் மின்விசிறிக் காற்று படாமல் துண்டைப் போர்த்திவிடுவேன்.

இலை கிடைக்காத நகரத்து வீடுகளில் கல்லுப்பையோ தவிட்டையோ வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டலாம். வெந்நீர்ப் பையும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சூடு பட்ட இடத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது, தசை இளகுகிறது. அதோடு, தோலின் நரம்பு முனைகளில் ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறந்துகொள்ளும் ஒரு வாயில் இருக்கிறது. மிளகாயின் காரத்தைக் கொடுக்கும் கேப்சைசின் திறப்பதும் அதே வாயிலைத்தான். அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் மிளகாயின் காரத்தைப் பின்தொடர்ந்துபோய் 1997இல் அதைக் கண்டறிந்தார். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். மிளகாய்ச் சத்து சேர்ந்த களிம்பைத் தொடர்ந்து தடவும்போது முதலில் எரிச்சல் வந்து, நாளடைவில் அந்த நரம்பு முனைகள் வலியை அனுப்புவதில் மந்தமாகின்றன. நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில், மூலிகைகளில் மிளகாய்ப் பூச்சுக்கு நிபந்தனையுடன் இடம் கொடுத்திருக்கிறார்கள். இடுப்புப் பட்டையையும் எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வதும் அதே வழிகாட்டல்தான். மிளகாய்க் களிம்பைத் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. அது தடவிய இடத்தில் ஒத்தடமும் கூடாது, தோல் வெந்துவிடும்.

ஒத்தடத்தில் மிக முக்கியமான எச்சரிக்கை சர்க்கரை நோயாளிகளுக்கானது. எங்கள் தெருவில் ஓர் அத்தைக்கு நீண்ட நாள் சர்க்கரையால் தோலில் உணர்ச்சி மங்கியிருந்தது. சூடு தெரியவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, மருமகள் இன்னும் சூடாக்கி வைத்திருக்கிறாள். மறுநாள் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அது ஆற இரண்டு மாதம் ஆயிற்று. சூட்டின் அளவைக் கொடுப்பவர் கைதான் தீர்மானிக்க வேண்டும். திடீரென வீங்கிச் சிவந்து தொட்டாலே சுடும் மூட்டிலும் அடிபட்ட முதல் நாளிலும் சூடு வேண்டாம்.

எண்ணெய்களில் நாங்கள் பயன்படுத்தியவை பிண்டத் தைலமும் உளுந்துத் தைலமும். அவசரத்துக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கி இறக்கிக் கொஞ்சம் பச்சைக் கற்பூரம் கரைத்துக்கொள்வோம். மிதமான கையால் மேலிருந்து கீழாகத் தடவுவதே போதும். அழுத்தி மிதிப்பதும் நெறிப்பதும் தேய்ந்த மூட்டுக்குத் தேவையில்லை. கற்பூரம் வெளிப்பூச்சு மட்டுமே. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், சிறிதளவு உள்ளே போனாலும் வலிப்பு வரலாம்.

உள்ளே சாப்பிடுகிறவற்றில் முடக்கத்தானுக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. முடக்கு அறுத்தான் என்ற பேரே மருந்துச் சீட்டுபோல இருக்கிறது. புழுங்கலரிசி மாவில் ஒரு பிடி கீரையை அரைத்துக் கலந்து வாரம் இரண்டு நாள் தோசை; கசப்பு ஓரளவு அடங்கிவிடும். சிலருக்கு வயிற்றைப் போக்கும், ஆகவே கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். அது அம்மாவின் வலியைக் குறைத்ததா என்று கேட்டால், என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இட்லிப்பொடிக்குப் பதிலாக ஒரு கீரை உணவில் சேர்ந்தது என்ற அளவில் நல்லதுதான்.

மஞ்சளைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பேரில் விற்கப்படும் மாத்திரைகள் ஏராளம். மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைக் குறைக்கக் கூடியது. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நான்கு வாரம் நடத்திய, 2014இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு 1,200 மில்லிகிராம் ஐபூபுரூஃபன் என்ற வலி மாத்திரைக்கு ஏறக்குறைய இணையாக வேலை செய்தது. வயிற்றுத் தொல்லையும் குறைவு. ஆனால் அது முழங்கால், கழுத்தும் முதுகும் அல்ல. அதோடு 100 கிராம் மஞ்சள்தூளில் குர்குமின் 3 கிராம் அளவுதான். அதிலும் பெரும்பகுதி குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதே இல்லை. மிளகில் உள்ள பைப்பரின் அந்தச் சேர்க்கையை 20 மடங்கு உயர்த்துவதாக 1998இல் பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப் போடும் பாட்டிமார் கைப்பக்குவம் நினைவுக்கு வரும். ஆனாலும் ஒரு தேக்கரண்டி மஞ்சள் ஆய்வில் கொடுத்த அளவை எட்டாது. செறிவூட்டிய மாத்திரைகளோ ஒருசிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்தக் கவலை இல்லை.

இனி நான் செய்த தவறு. இரண்டாம் ஆண்டில் ஒருநாள், சந்தைக்கு வந்த ஒரு வியாபாரியிடம், முழுக்க மூலிகை என்ற உறுதிமொழியோடு ஒரு பொடியை வாங்கி வந்தேன். பொட்டலத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதவில்லை. உரிம எண்ணும் இல்லை. காலையும் மாலையும் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி. நான்காம் நாள் அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் எல்லோருக்கும் அது பண்டிகைபோல இருந்தது. அடுத்த மூன்று மாதத்தில் மூன்று பொட்டலம் வாங்கினேன். அம்மாவின் முகம் உருண்டு பளபளத்தது. உடம்பு தேறிவிட்டதாகவே உறவினர்கள் சொன்னார்கள். பிறகு கால் வீங்கியது, கையில் லேசாக இடித்தாலும் கன்றியது, முன்பு இல்லாத சர்க்கரை 260 காட்டியது. பொது மருத்துவர் முகத்தைப் பார்த்தவுடனேயே, "அம்மா, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. அதைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கும், ஆகவே அளவறிந்த மாத்திரையாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதற்கு ஐந்து மாதம் ஆயிற்று.

இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மூலிகை என்ற சொல்லை நம்பி, அதன் உள்ளே இருந்ததைக் கேட்காமல் விட்டேன். பல ஆண்டு வலியை நான்கே நாளில் பறக்கடிக்கும் மூலிகை எதுவும் இல்லை. அப்படி ஒன்று கைக்கு வந்தால் அதில் சொல்லப்படாத ஏதோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். உரிம எண்ணும் சேர்மானங்களின் பட்டியலும் இல்லாத பொடியை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

முடி திருத்தும் கடையில் கழுத்தைச் சடாரென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதும் இதே வகை ஆபத்து. மூளைக்குப் போகும் இரண்டு இரத்தக் குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகவே மேலே செல்கின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. முடக்குவாதம் என்னும் மூட்டு அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளை இணைக்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம். அவர்கள் கழுத்தை யார் கையிலும் திருகக் கொடுக்கக் கூடாது.

எல்லா முதுகு வலியும் தேய்மானம் அல்ல என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே சான்று இருக்கிறது. என் சித்தி மகனுக்கு 24 வயதில் இடுப்பு வலி வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும். எழுந்தபின் ஒரு மணி நேரம் குனிய முடியாது. நடமாடினால் சரியாகும், படுத்தால் கூடும். வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி மூன்று ஆண்டு ஒத்தடமும் பூண்டுக் கஷாயமும் கொடுத்தார்கள். கடைசியில் மூட்டுவாத மருத்துவர் 'அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்று கண்டுபிடித்தார். உடம்பின் நோயெதிர்ப்பு முறையே முதுகெலும்பைத் தாக்கும் நோய் அது. விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி அசைவில் குறையும் முதுகு வலிக்கு இலை தேடக் கூடாது. அதேபோல மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகு வலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம்; நம் நாட்டில் அதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். ரவிக்கைக் கொக்கி மாட்ட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இடுப்புக்கடியில் மரத்துப்போவது ஆகியவை தண்டுவடமோ அதன் நரம்புகளோ நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனை, ஒத்தடத்துக்கு அடுப்பைப் பற்றவைக்கும் நேரம்கூட வீண்.

பொடியின் பாடத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்த்த இயன்முறை மருத்துவர் பெண் சொன்ன ஒரு வார்த்தை எங்கள் வைத்தியத்தின் முறையையே மாற்றியது. ஒத்தடம் கொடுத்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார். படுத்துத் தூங்குவார் என்றேன். அந்த இளக்கம் அரை மணி நேரம்தான் இருக்கும், அதைத் தூங்கி வீணாக்கலாமா என்றார். அன்றிலிருந்து ஒத்தடம் முடிந்ததும் பயிற்சி. நிமிர்ந்து உட்கார்ந்து, பார்வை நேராக இருக்க, தாடையைத் தாழ்த்தாமல் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது, பத்து முறை. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் ஒன்றையொன்று தள்ளுவது; பிறகு பின்மண்டையில், பிறகு இரு பக்கமும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது. இடுப்புக்கு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் பூனைபோல முதுகை வளைத்து இறக்குவது. சிரசாசனமும் சர்வாங்காசனமும் இந்தக் கழுத்துக்கு ஆகாது.

அதன்பின் நடை. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இடுப்பு வலி வந்து தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு நடையைப் படிப்படியாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற இலக்கைக் கொடுத்தார்கள். நடந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வலி மீண்டும் வர 208 நாள் ஆயிற்று. அந்தப் பயிற்சி பெறாதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். எந்தத் தைலத்துக்கும் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. அம்மா முதல் வாரம் மாரியம்மன் கோயில் வரை நடந்தார், போக வர எட்டு நிமிடம். இப்போது கண்மாய்க் கரை வரை போகிறார்.

தலையணையும் ஒரு பெரிய காரணமாக இருந்தது. இலவம்பஞ்சுத் தலையணை இரண்டை அடுக்கி வைத்துப் படுத்திருந்தவர், இப்போது மல்லாந்து படுத்தால் முகவாய் மார்பை நோக்கி மடங்காத உயரத்துக்கு ஒன்றே ஒன்று வைத்துக்கொள்கிறார். வெறுந்தரையில் பாய் என்பதை மாற்றி, மெல்லிய பஞ்சு மெத்தை போட்டோம்.

வலி முழுவதும் போய்விடவில்லை. மார்கழிக் குளிரில் பிடரி இன்னும் இறுகும், கல்யாணப் பயணம் போய் வந்தால் இடுப்பு இரண்டு நாள் பேசும். அந்த நாட்களில் நொச்சி வாணலிக்குப் போகிறது. மிகவும் முடியாதபோது மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் உண்டு. அம்மா தையலை விடவில்லை. எந்திரத்தின் நான்கு காலுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, பழைய மிதியை எடுத்துவிட்டு மோட்டார் பொருத்தியிருக்கிறோம். துணி இப்போது அவர் நெஞ்சுக்கு நேராக வருகிறது. ரவிக்கையின் ஒரு கை தைத்து முடித்ததும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து, பின்கதவு நிலையில் தலையைச் சாய்த்துத் தாடையைப் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணுகிறார். எண்ணி முடித்ததும், வேலியில் நொச்சி துளிர்த்திருக்கிறதா என்று தலையை வலப்பக்கம் திருப்பி ஒருமுறை, இடப்பக்கம் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த கைக்கு வந்து உட்காருகிறார்.